வருமான வரியும் நம் சங்கமும்

வருமான வரி செல்வந்தருக்கே உரியது, சங்கத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதியே உண்மை.

பண்டைய தறியிறை தறியின் மேல் விதிக்கப்பட்டது. நெய்தவருக்கு ஆதாயம் கிட்டியதா என்று அது கேட்கவில்லை. வருமான வரியோ ஆதாயத்தைக் கணக்கிட்ட பின்னரே விதிக்கப்படுவது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் கருவூலம் வறண்டிருந்தபோது, ஜேம்ஸ் வில்சன் 1860-இல் இதனை இந்தியாவில் புகுத்தினார். சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவிலியன் இதை வெளிப்படையாக எதிர்த்தார். அதனால் பதவியினின்று திரும்ப அழைக்கப்பட்டார். 1865-இல் நின்று, பின்னர் மாறிமாறி வந்த இவ்வரி 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. விவசாய வருமானத்திற்கு அச்சட்டம் அளித்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. புளியங்குடியில் தம் தோட்டத்து எலுமிச்சையை விற்பவர் பெறுவது விவசாய வருமானம். பிறர் காயை வாங்கி விற்பவர் பெறுவது வியாபார வருமானம்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு வரிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தை 1904-ஆம் ஆண்டுச் சட்டமே அரசுக்குத் தந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இச்சலுகை 80-பி என்னும் பிரிவாயிற்று. 2026 ஏப்ரல் 1-ஐ அமல் நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இடம்பெற்றுள்ளது. குடிசைத் தொழிலில் ஈடுபட்ட சங்கத்தின் அத்தொழில் இலாபமும், அங்கத்தினர் விளைத்த பொருளை விற்றுத் தரும் சங்கத்தின் அவ்விற்பனை இலாபமும் முழுமையாகக் கழிக்கப்படும். பிற அலுவல்களின் இலாபத்தில், நுகர்வோர் சங்கமல்லாத சங்கத்திற்கு, ரூ. 50,000 வரையே கழிவு உண்டு.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு சங்கம் அங்கத்தினர் காயை விற்று ரூ. 3,00,000-மும், வெளியார் காயை வாங்கி விற்று ரூ. 1,20,000-மும் இலாபம் பெற்றதாகக் கொள்வோம். முன்னது முழுதும் கழியும், பின்னதில் ரூ. 50,000 போக ரூ. 70,000-க்கே வரி. வழக்கமான விகிதப்படி, 4 சதவீத மேல்வரி உட்பட, அது ரூ. 18,720 ஆகும்.

ஆனால் 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், உரிய நாளுக்குள் கணக்கு விவரத்தைத் தாக்கல் செய்யும் சங்கத்திற்கே இக்கழிவு என்று விதித்தது. மேற்படி சங்கம் நாள் தவறினால் ரூ. 4,20,000 முழுவதற்கும் வரி விழும், தொகை ரூ. 1,27,920. மிகையாகப் போகும் ரூ. 1,09,200 அங்கத்தினரின் உழைப்பே அன்றோ?

ஆகவே மூன்று காரியங்கள் இன்றியமையாதன. அங்கத்தினர் சரக்கையும் வெளியார் சரக்கையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதுக. ஆண்டு முடிந்தவுடன் தணிக்கைக்கு ஏடுகளை ஆயத்தமாக்குக. விவரம் தாக்கலான நாளைப் பொதுப்பேரவையில் காரியதரிசி அறிவிக்கட்டும். அறிவிக்காவிடில் அங்கத்தினர் எழுந்து கேட்பாராக. அது அவர்தம் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.