சுவடித் திருத்தமும் பதிப்பாசிரியர் கடப்பாடும்: சீவக சிந்தாமணிப் பதிப்புகளை முன்வைத்து

முன்னுரை

ஒரு நூலைச் செப்பம் செய்து அச்சிற்குக் கொடுப்பவர் எந்த அளவிற்கு மூலத்தைத் திருத்தலாம் என்னும் வினா, தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் தொடக்கம் முதலே இருந்து வருகிறது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் உ.வே.சாமிநாதையர் 1887-இல் முழுமையாகப் பதிப்பித்தார். அதற்கு முன் 1868-இல் எச். பவர் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் வெளியிட்டிருந்தார். சாமிநாதையரின் பதிப்பு 1907, 1922 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்று மீண்டும் வெளிவந்தது. இப்பதிப்பு முயற்சியின் வழியே திருத்தத்தின் எல்லையை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுவடி எழுத்தும் பாடத் தெளிவும்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படுவதில்லை. எனவே ‘கொல’ என்று எழுதப்பட்ட ஒன்றைக் கொல், கோல், கொல, கோல என்று பலவாறு படிக்க இடமுண்டு. ரகரமும் காலும் ஒரே வடிவில் அமைவதால் ‘மர’, ‘மா’ என்பவற்றிடையேயும் மயக்கம் நேரும். அடிகளும் சொற்களும் பிரிக்கப்படாமல், பாடலும் உரையும் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். ஆதலின் சுவடியைப் பெயர்த்தெழுதுதல் என்பதே பொருள்கோளை உள்ளடக்கிய செயலாகிறது. யாப்பு, சூழல், உரை ஆகிய மூன்றும் பொருந்தும் பாடத்தையே பதிப்பாசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியவராகிறார்.

பொருள் விளங்காமையும் பிழையும்

பொருள் விளங்காத இடத்தைப் பிழையான இடம் என்று கொள்வது பதிப்புப் பணியில் நேரும் பெருங்கேடு. சிந்தாமணியில் சமண சமயக் குறியீடுகள் மிகுதி. அவற்றின் பொருளைச் சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டறிந்தார். அவர்களிடையே அந்நூல் அன்றும் ஓதப்பட்டு வந்தது. இவ்வாறு கேட்டறியாமல், அறிந்த சொல்லொன்றை அவ்விடத்தில் அமைத்திருந்தால் பாடல் எளிதாகியிருக்கும். ஆனால் சமயப் பொருள் மறைந்திருக்கும். நச்சினார்க்கினியரே தம் முதல் உரையைச் சமணர் ஏற்காமையால் அச்சமயத்தைக் கற்று மீண்டும் உரை வரைந்தார் என்னும் வழக்கும் இங்கு நினைக்கத்தக்கது.

மறுபதிப்பின் பயன்

நச்சினார்க்கினியர் தம் உரையில் பிற நூல் அடிகளைப் பெயர் சுட்டாமல் எடுத்தாளுகிறார். அவற்றின் இடம் தேடும் முயற்சி சாமிநாதையரைச் சங்க நூல்களிடம் கொண்டு சென்றது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவை அவரால் அடுத்தடுத்து அச்சேறின. 1887-இல் ஒப்பிட அச்சுநூல் இல்லாத மேற்கோள்களை ஒப்பிட 1907-இல் நூல்கள் இருந்தன. ஆகவே மறுபதிப்பு என்பது அச்சுப்பிழை களைவதோடு நிற்பதன்று. இடைக்காலத்தில் வளர்ந்த அறிவைக் கொண்டு முன்னைய முடிபுகளை மீண்டும் சோதிப்பதாகும்.

பாடவேறுபாடும் பொறுப்பும்

அச்சுநூல் பரவியபின் ஓலையைப் படியெடுக்கும் வழக்கம் குன்றியது. பழைய ஓலைகள் செல்லரித்தும் சிதைந்தும் அழிந்தன. இந்நிலையில் பதிப்பாசிரியர் குறிப்பின்றிச் செய்யும் ஒரு திருத்தம், பின்னர் மீட்கவியலாத இழப்பாக முடியக்கூடும். கொண்ட பாடத்தோடு கொள்ளாத பாடத்தையும் அடிக்குறிப்பில் தருவது இதனாலேயே இன்றியமையாததாகிறது. பதிப்பாசிரியரின் தேர்வு தவறாயினும், உரிய சான்று பிற்கால ஆய்வாளர் கைக்கு எட்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் புலனாகின்றன. பல படிகளை ஒப்பிட்ட பின்னரே பாடம் துணியப்பட வேண்டும். விளங்காத பகுதி, உரியவரிடம் கேட்டறியும் வரை உள்ளவாறே நிற்றல் வேண்டும். செய்த திருத்தம் யாவும் படிப்போர் காணுமாறு பதிவாதல் வேண்டும். திருத்தும் உரிமை பதிப்பாசிரியருக்கு உண்டு; திருத்திய தடத்தை மறைக்கும் உரிமை அவருக்கு இல்லை. இன்றைய கையெழுத்துப் படிகளைச் செப்பம் செய்வோர்க்கும் இம்முறை பொருந்துவதாகும்.