கப்பலின் இரு பக்கங்கள்

நிலத்தில் வாழும் நாம் இடப்பக்கம், வலப்பக்கம் என்று கூறிப் பழகியுள்ளோம். கப்பலிலோ இச்சொற்கள் போதா. கப்பலின் முன்பகுதியாகிய அணியத்தை நோக்கி நிற்பவனுக்கு வலப்பக்கமாக இருப்பது, பின்புறம் நோக்கி நிற்பவனுக்கு இடப்பக்கமாகும். புயல் வீசும் இரவில், 'இடப்பக்கம் திருப்பு' என்று ஒருவன் கூவினால், அது யாருடைய இடப்பக்கம் என்னும் ஐயம் எழும். அவ்வையம் தீருமுன் கலம் பாறையில் மோதிவிடக்கூடும். ஆதலின், நிற்பவன் எத்திசை நோக்கினும் மாறாத பெயர்களை மாலுமிகள் கப்பலின் பக்கங்களுக்கே இட்டு வழங்கினர்.

அணியத்தை நோக்கி நிற்கும்போது வலப்புறம் அமைவதை ஆங்கில மாலுமிகள் 'ஸ்டார்போர்டு' என்பர். பழைய ஆங்கிலத்தில் இதற்குச் 'செலுத்தும் பக்கம்' என்பது பொருள். பண்டை வட ஐரோப்பியக் கலங்களில் பின்புறத்தின் நடுவே சுக்கான் இல்லை. அகன்ற துடுப்பு ஒன்றே கலத்தைத் திருப்பியது. மக்களுள் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உடையவராதலின், அத்துடுப்பு வலப்புறத்தில் பொருத்தப்பட்டது. நார்வே நாட்டுக் கோக்ஸ்டாட் என்னுமிடத்தில் 1880-ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலில் இவ்வமைப்பு உள்ளது.

துடுப்புள்ள பக்கத்தைத் துறையோடு அணைத்து நிறுத்தினால் துடுப்புச் சிதையும். ஆகவே, இடப்புறமே துறையைச் சார்ந்து நின்றது. சரக்கும் அவ்வழியே ஏறியது. அப்பக்கம் 'லார்போர்டு' எனப்பட்டது. ஸ்டார்போர்டு, லார்போர்டு என்னும் இரண்டும் காற்றின் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலித்தன. எனவே, பிரிட்டிஷ் கடற்படை 1844-ஆம் ஆண்டில் லார்போர்டை நீக்கி, முன்னரே வழக்கிலிருந்த 'போர்ட்' என்னும் சொல்லையே ஆளுமாறு ஆணையிட்டது.

ஆயினும், குழப்பம் முற்றும் நீங்கவில்லை. சுக்கானின் கைப்பிடியை வலப்புறம் தள்ளினால் கப்பல் இடப்புறம் திரும்பும். பழைய ஆணைகள் கைப்பிடியையே குறித்தன. சுக்கானைத் திருப்பச் சக்கரம் வந்த பின்னரும் அவ்வழக்கம் நீடித்தது. 1912-ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையை எதிர்ப்பட்டபோது, 'ஸ்டார்போர்டு' என்று பிறந்த ஆணை, கப்பலை இடப்புறம் திருப்புவதற்கே ஆகும். கப்பல் திரும்ப வேண்டிய பக்கத்தையே ஆணை குறித்தல் வேண்டும் என்று 1929-ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு முடிவு செய்தது.

இரவில் போர்ட் பக்கத்தில் செவ்விளக்கும், ஸ்டார்போர்டு பக்கத்தில் பச்சை விளக்கும் எரிகின்றன. இரண்டு இயந்திரக் கப்பல்களின் வழிகள் குறுக்கிடுமாயின், மற்றதைத் தன் ஸ்டார்போர்டு பக்கத்தில் காணும் கப்பலே விலகுதல் வேண்டும். அதன் மாலுமிக்குத் தெரிவது மற்றதன் செவ்விளக்கு. விலகிச் செல்ல அதுவே எச்சரிக்கை.

பக்கத்துடுப்பு மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அது தந்த பெயரோ, இன்றும் இருட்கடலில் உயிர்களைக் காத்து வருகின்றது.