ஒளியிழை வடமும் இல்லத்துத் திரையும்

இக்காலத்து இல்லங்களிற் காட்சித்திரை அமைப்போர், திரையை ஓரிடத்தும் அதற்குக் காட்சியை அனுப்பும் கருவியை வேறோரிடத்தும் வைக்க விரும்புகின்றனர். கணிப்பொறி கீழ்த்தளத்து அறையில் இருக்கும். திரை மாடிக் கூடத்துச் சுவரில் இருக்கும். புரொஜெக்டராயின் அது கூரையின் நடுவே தொங்கும்; அதற்குக் காட்சி தரும் பெட்டியோ எதிர்ச்சுவரின் அலமாரியுள் அடங்கும். இவ்விரண்டிற்கும் இடையே 15 அல்லது 20 மீட்டர் வழி நேர்ந்துவிடுதல் எளிது. ஏனெனின் வடம் நேர்கோட்டிற் செல்வதன்று. சுவரேறி, மூலை திரும்பி, கூரையோரமாக ஊர்ந்து செல்வது. இத்தொலைவிற் செம்பு தளர்ந்துவிட, கண்ணாடியிழை அவ்வேலையை ஏற்றுக்கொள்கிறது. அஃது எங்ஙனம் என்பதும், அதனை வாங்குவோரும் பதிப்போரும் அறியவேண்டுவன யாவை என்பதும் ஈண்டுக் கூறப்படும். விஞ்ஞானம் பயில்வோர் பலர் இக்கல்லூரியில் இருப்பத் தமிழ் பயில்வார் ஒருவர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவாரும் உளராகலாம். பெட்டியின்மேல் அச்சிட்ட ஆங்கிலம் விளங்காமையாற் பணமிழப்போர் நம் ஊர்களிற் பலர். அவர்பொருட்டு இதனை யாரேனும் தமிழிற் கூறியாகவேண்டும்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது. கடைவீதியில் இவையனைத்தையும் 'வயர்' என்னும் ஒரே சொல்லால் வழங்குவர். 'கம்பி' என்பது உலோகத்திற்குரிய சொல்லாதலின் கண்ணாடிக்கு ஒவ்வாது. பல இழைகளைச் சேர்த்து உறையிட்டதாகலின் 'வடம்' என்பதும், அதனுள் ஒளி செல்வதை 'இழை' என்பதும் பொருந்துவனவாம். ஆயத்த ஆடைத் தொழிலாற் பெயர்பெற்ற புதியம்புத்தூரில் இழையென்பது எத்துணை மெல்லியது என்று எவருக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் இவ்விழை தையல்நூலினும் நுண்ணியது. புறக்கண்ணாடியோடு கூடிய அதன் குறுக்களவு 125 மைக்ரான். அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டிலொரு பங்கு. ஒளி செல்லும் உள்ளகம் வீட்டுத்திரை வடங்களிற் பெரும்பாலும் 50 மைக்ரான் அளவினதே.

இனி, வடம் சுமக்கும் சுமை எத்துணையதென்று கணக்கிட்டறிவோம். 4-கே எனப்படும் திரையிற் குறுக்கே 3840 புள்ளிகளும் நெடுக்கே 2160 புள்ளிகளும் உள. இரண்டையும் பெருக்க 82,94,400 ஆகும். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் உரைக்க 24 பிட் வேண்டும். நொடிக்கு 60 படங்கள் மாறும். இவையனைத்தையும் பெருக்கின் நொடியொன்றுக்கு ஏறத்தாழ 1,194 கோடி பிட், அஃதாவது 12 கிகாபிட் எனக் காண்கிறோம். படத்திற்கும் படத்திற்கும் இடையேயுள்ள வெற்றுக்காலமும், பிழையின்றிப் படித்தற்பொருட்டுச் சேர்க்கும் மிகைப்பிட்டுகளும் கூட, அது 18 கிகாபிட்டை நெருங்கும். 2013-ம் ஆண்டில் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. 2.0 என்னும் முறையின் எல்லை இதுவே. 2017-ம் ஆண்டின் 2.1 முறையோ 48 கிகாபிட் வரை இடங்கொடுப்பது. முன்னைய முழு எச்.டி. படத்திற்கு இதே கணக்கிற் காணின் 3 கிகாபிட்டே வரும். 4-கே படத்தில் நாலிலொரு பங்கு. இவ்வேற்றுமையை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர்ப் பணத்தைப் பற்றிப் பேசுமிடத்து இது பயன்படும்.

செம்பு இச்சுமையைத் தாங்காமை ஏன்? மின்னோட்டம் விரைந்து மாறுந்தோறும் அது கம்பியின் உட்பகுதியை விட்டுப் புறத்தோலிலேயே ஓடத் தலைப்படுகிறது. கம்பி பருத்திருந்தும் அதன் பெரும்பகுதி வாளாகிடக்கும். அதனைச் சூழ்ந்த பிளாஸ்டிக் உறையும் அதிர்வின் ஒரு பகுதியை உண்டு வெப்பமாக்கிவிடும். தொடக்கத்திற் கூரிய துடிப்புகளாய்ப் புறப்பட்டவை, செல்லச் செல்ல மழுங்கி, ஒன்றோடொன்று கலந்து, மறுமுனையில் இதுவோ அதுவோ என்று ஐயுறும் நிலையை அடைகின்றன. பழைய தொலைக்காட்சியில் அலை குறையின் படம் மெல்ல மங்கும், நிழலேனும் தெரியும். எண்முறைக் காட்சிக்கு அவ்விரக்கம் இல்லை. ஓரெல்லைவரை படம் குறையின்றி விளங்கும். அதன்பின் வெண்பொறிகள் தெறிக்கும். சிறிது கடந்தால் திரை இருண்டுவிடும். 18 கிகாபிட்டிற்குச் சாதாரணச் செம்பு வடம் சுமார் 5 மீட்டர் வரையில் நம்பத்தக்கது. 48 கிகாபிட்டிற்கு 3 மீட்டர் என்று கொள்ளுதல் நலம். முழு எச்.டி. படமாயின் நல்ல செம்பு வடம் 10 மீட்டர்வரை பெரும்பாலும் தாங்கும்.

கண்ணாடியின் இயல்போ வேறு. கரிசற்சீமைக் கிணறுகளில் மூழ்கி நீந்திப் பழகியோர் ஒன்றைக் கண்டிருப்பர். நீருள் இருந்து நேர்மேலே நோக்கின் வானம் தெரியும். சரிவாக நோக்கின் நீர்ப்பரப்பு வெள்ளிபூசிய கண்ணாடிபோலாகிக் கிணற்றின் அடியையே காட்டும். அடர்ந்த பொருளினின்று அடர்த்தி குறைந்த பொருளுக்குள் மிகச் சரிவாகப் புகமுயலும் ஒளி, புகமாட்டாது முற்றும் உள்ளே திரும்பிவிடுதலே காரணம். ஒளியிழையின் உள்ளகக் கண்ணாடி, புறக்கண்ணாடியினும் ஒளியைச் சிறிது மிகுதியாக வளைக்குந் தன்மையுடையது. ஆதலின் உள்ளகத்தில் நெடுகச் செல்லும் ஒளி சுவரை முட்டுந்தோறும் உள்ளேயே திரும்பி முன்னேறுகிறது. இழை வளைந்தால் அதுவும் உடன் வளைந்து செல்லும்.

வளைந்து விழும் நீர்த்தாரையினுள் ஒளி அவ்வளைவின்வழியே செல்லுதலை ஜெனீவாவில் கொலாடன் 1842-ம் ஆண்டில் விவரித்தார். டிண்டால் 1854-ல் லண்டனில் அதனைச் செய்துகாட்டினார். பஞ்சாபிற் பிறந்த நரீந்தர் சிங் கபானி, தம் ஆசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடியிழைக் கற்றையின் வழியே உருவத்தை அனுப்பிய செய்தியை 1954-ல் வெளியிட்டார். எனினும் அக்காலத்து இழையில் ஒளி சில மீட்டர்களுக்குள் பெரும்பாலும் மடிந்துபோம். குற்றம் கண்ணாடியினுடையதன்று, அதிற் கலந்துள்ள மாசினுடையது. மாசகற்றின் ஒரு கிலோமீட்டர் சென்றபின்னும் நூற்றிலொரு பங்கு ஒளியேனும் எஞ்சச் செய்யலாம் என்று 1966-ல் சார்லஸ் காவோ துணிந்து கூறினார். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தார் அவ்வெல்லையைக் கடந்தனர். காவோவுக்கு 2009-ல் நோபெல் பரிசு கிடைத்தது. கபானிக்கு அதிற் பங்கில்லாமற் போனது நம்மனோர்க்கு ஒரு குறையாகவே தோன்றும். இன்று தொலைவழி இழைகளில் ஒரு கிலோமீட்டருக்குப் பின்னும் நூற்றில் 95 பங்கு எஞ்சுகிறது. வீட்டு வடத்தின் 30 மீட்டரில் ஒளி இழையினுள் இழப்பது நூற்றில் இரண்டு பங்களவே.

இவ்விழை நமக்கு அயலதன்று. தூத்துக்குடியினின்று கொழும்பையடுத்த கல்கிசைவரை 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியிழை வடம் 2006-ம் ஆண்டிற் கடலடியில் இடப்பட்டது. பி.எஸ்.என்.எல். நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாமும் கூடி அமைத்த அதற்குப் பாரத்-லங்கா வடம் என்று பெயர். தெருக்கம்பங்களின்மேல் வீடுகளுக்கு வரும் இணைய இழையையும் யாவரும் காண்கிறோம். இங்கு ஒரு வினா எழும். தெருவினின்று வரும் இழையே திரைப்படத்தைக் கொணருமாயின், வீட்டினுள் வேறோர் இழை எதற்கு? விடை சுருக்கத்தில் இருக்கிறது. இணையத்தில் வரும் 4-கே படம் நன்கு சுருக்கப்பட்டது. நொடிக்கு 25 மெகாபிட் அதற்குப் போதும். முன்னர்க் கண்ட 12 கிகாபிட்டில் அஃது ஏறக்குறைய ஐந்நூறிலொரு பங்கு. பெட்டியானது அதனை விரித்துத் திரைக்கு அனுப்புமிடத்தேதான் சுமை பெருகுகிறது. அழுத்திக் கட்டிய சிப்பமாய் வந்த துணியைப் பிரித்து விரித்தபின் வெட்டும் மேசை போதாமற் போவது போல்வது இது. அன்றியும் தெரு இழையின் உள்ளகம் 9 மைக்ரானளவே. வீட்டுத்திரை இழையின் உள்ளகம் அதனினும் அகன்றது. ஒன்றை மற்றொன்றின் இடத்திற் பூட்டுதல் இயலாது.

வாங்குவோர் ஊன்றி அறியவேண்டுவது இனி வருவது. திரையும் பெட்டியும் பேசுவது மின்மொழி. இழை அறிந்தது ஒளிமொழி. ஆகவே வடத்தின் இரு தலைகளுள்ளும் மொழிபெயர்ப்பார் இருவர் அமர்த்தப்பட்டுள்ளனர். பெட்டியின் பக்கத்துத் தலையில் நான்கு நுண்ணிய லேசர்கள் மின்துடிப்பை ஒளித்துடிப்பாக்குகின்றன. திரையின் பக்கத்துத் தலையில் ஒளியுணரிகள் அதனை மீட்டும் மின்துடிப்பாக்குகின்றன. லேசர் இருக்கும் தலையில் உணரி இல்லை. உணரி இருக்கும் தலையில் லேசர் இல்லை. எனவே இவ்வடத்திற்கு முன்பின் உண்டு. ஒரு தலையில் 'சோர்ஸ்' என்றும் மற்றதில் 'டிஸ்ப்ளே' என்றும் பொறித்திருப்பர். முன்னது பெட்டிக்கும் பின்னது திரைக்கும் உரியன. மாற்றிச் செருகினால் படம் மங்குவதன்று, வருவதேயில்லை.

என் உறவினர் இல்லம் ஒன்றில் நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம். கீழே தையற்கூடமும் மேலே குடியிருப்புமாகக் கட்டிய புது வீடு அது. வெளியூரிலுள்ள பிள்ளைகளின் முகத்தைப் பெரிய திரையிற் காணவேண்டுமென்று பாட்டியார் விரும்பினமையால், மாடியில் திரையும் கீழே கணிப்பொறியுமாக ஏற்பாடாயிற்று. பல மாதச் சேமிப்பைச் செலவிட்டு 20 மீட்டர் ஒளியிழை வடம் தருவித்தனர். மின்வேலை செய்தவர் பழகிய செம்பு வடமெனவே எண்ணி, தலையெழுத்தைப் பாராது, குழாயுமின்றிச் சுவரில் வெட்டிய காடியில் அதனைப் பதித்துவிட்டார். பூச்சும் வண்ணமும் முடிந்தபின் செருகிப் பார்க்க, திரையில் ஒன்றும் வரவில்லை. வடம் பழுதென்று கருதி வேறொன்று வாங்கப் புறப்படுமுன், அவ்வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் சிறுமி கீழ்த்தலையிற் பொறித்த எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படித்து, "மாமா, இதில் டிஸ்ப்ளே என்றல்லவா இருக்கிறது!" என்றாள். கணிப்பொறியை மாடிக்கும் திரையைக் கீழுக்கும் மாற்றிப் பார்த்தபோது படம் குறையின்றி வந்தது. வடம் நன்று, போக்கே தவறு. சுவரை மீட்டும் உடைத்தனர்.

ஆதலின் பதிக்குமுன் வடத்தைத் தரையில் விரித்து, இருபுறமும் செருகி, ஒரு மணி நேரமேனும் படம் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். சுவரினுள் வைப்பதாயின் குழாயின்றி வைத்தலாகாது. மின்கம்பிக்கென நம் கொத்தனார் வழக்கமாக இடும் முக்காலங்குலக் குழாயில் இதன் தலை நுழையாது. ஒன்றேகாலங்குலக் குழாய் இடுக. மூலையில் நேர்முடக்காகிய எல்போவை விலக்கி, அகன்று வளையும் பெண்டு இடுக. இழை வளையும், ஆனால் மடங்காது. காப்பித் தம்ளரின் வட்டத்தினும் இறுக்கமாக அதனை வளைத்தல் தகாது. தலையைப் பற்றி இழுப்பது மொழிபெயர்ப்பாரின் கழுத்தைப் பற்றி இழுப்பதேயாம். உறையிற் கயிறு கட்டி இழுத்தலே முறை. தலையைக் கழற்றத்தக்க வடங்களும் விற்கப்படுகின்றன. சிறுதலை ஒடுங்கிய குழாயிலும் புகும். அத்தகையவற்றில் திறந்த முனையினுள் கண்ணை வைத்து நோக்கற்க. லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இனத்தது.

வீட்டினின்று முற்றங்கடந்து வேறொரு கட்டடத்திற்கு வடம் கொண்டுசெல்வோர்க்குக் கரிசல் மண் தனியே ஒரு தொல்லை தரும். மழையில் வீங்கிக் கோடையிற் பாளம் பாளமாக வெடிக்கும் மண் இது. வெறுமனே புதைத்த வடத்தை ஆண்டுதோறும் இழுத்து நெருக்கும். குழாயிலிட்டு, அதனைச் சுற்றி மணல் நிரப்பிப் புதைத்தல் வேண்டும். இடியைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதாகலின் ஒளியிழை வடம் இடிமின்னலுக்கு அஞ்சாதென்று விற்போர் கூறுவர். இது பாதி உண்மை. விற்கப்படும் வடங்களிற் பெரும்பாலானவற்றில், காட்சி மட்டுமே இழையிற் செல்கிறது. தலைகளுக்கு வேண்டிய 5 வோல்ட் மின்சாரமும், திரையும் பெட்டியும் தம்முட் பேசும் மெல்லிய குறிகளும் உடனிருக்கும் நுண் செம்புக் கம்பிகளிலேயே செல்கின்றன. அக்கம்பிகள் மின்னலுக்கு வழியாகும். செம்பு சிறிதும் கலவாத வடங்களும் உண்டு. அவற்றிற்குத் திரையின் பக்கத்தே தனி மின்னூட்டம் கொடுக்கவேண்டும். இரு கட்டடங்களுக்கிடையே செல்வதாயின் இவ்வகையே தக்கது. ஒரே வீட்டினுள்ளாயின் கலப்பு வகை போதும்.

சில பெட்டிகள் தரும் 5 வோல்ட் மின்சாரம் மெலிந்தது. லேசர்களுக்கு அது போதாதவிடத்துப் படம் விட்டுவிட்டு வரும். அங்ஙனம் நேரின் யு.எஸ்.பி. வழியே மின்னூட்டும் கிளையுடைய வடமே உதவும். திரையினின்று ஒலியைத் திருப்பியனுப்பும் 'ஆர்க்' வசதியை நாடுவோர், வடம் அதனை ஏற்குமா என்று பெட்டியின்மேற் பார்த்தறிக. எல்லா வடங்களும் ஏற்பதில்லை. 48 கிகாபிட் வேண்டுவோர் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்னும் சான்றுச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று நோக்கி, அதிலுள்ள சதுரக் குறியைக் கைபேசியாற் படித்துச் சரிபார்க்கலாம்.

இத்துணையும் கூறியபின் எல்லோரும் ஒளியிழை வாங்குக என்று கூறுவேன் என எண்ணவேண்டா. 3 மீட்டருக்குள் திரையும் பெட்டியும் இருப்பின் செம்பே சிறந்தது; விலை குறைவு, முன்பின் இல்லை, மிதித்தாலும் எளிதிற் கெடாது. முழு எச்.டி. திரையுடையோர் 20 மீட்டர் தொலைவிற்குக் கணிப்பொறி வலைக்கம்பியையும் அதன் இருமுனையிலும் பூட்டும் சிறு பெட்டிகளையும் கொண்டு காரியத்தை முடித்துக்கொள்ளலாம். வலைக்கம்பியின் முனையை ஊர் மின்வேலைக்காரரே புதிதாகப் பூட்டித் தருவார். ஒளியிழை அறுந்தாலோ அதனை வீட்டிலிருந்து ஒட்டமுடியாது. வடம் முழுவதையும் மாற்றவே வேண்டும். 4-கே திரையும் 10 மீட்டருக்கு மேற்பட்ட வழியும் ஒருங்கே உடையோர்க்கே அது தவிர்க்கலாகாத செலவு. அவர்களும் குழாயினுள் ஒரு நைலான் கயிற்றை வெறுமனே விட்டுவைப்பார்களாயின், பின்னொரு நாள் வடத்தை மாற்ற நேரும்போது சுவரைத் தொடவேண்டியிராது.