பொய்ப்பல்லை அலமாரியில் வைக்காதீர்கள்!

கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ போய்ப் பொய்ப்பல் கட்டி வருகிறோம். சில மாதத்தில் அது அலமாரிக்குள் போய்விடுகிறது. "டாக்டரு சரியாச் செய்யலே" என்கிறோம். காரணம் வேறு.

பல் பிடுங்கியதும் பஞ்சை அரைமணி நேரம் இறுகக் கடித்திருங்கள். குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் புண்ணுக்குக் காவல். அன்று முழுதும் வாய் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள், சிகரெட், வெற்றிலை, சாராயம் கூடாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். மூன்றாம் நாளில் காதுவரை வலி எடுத்தால் இரத்தக்கட்டி கழன்றிருக்கலாம். உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

பல் போன இடத்தில் எலும்பு கரைந்து ஈறு சுருங்கும். முதல் ஆறு மாதம் இது அதிகம். உடம்பு மெலிந்தால் சட்டை தொளதொளப்பதுபோல் செட்டும் தளரும். டாக்டர் அதன் உள்பக்கத்தை நிரப்பிச் சரிசெய்வார். குத்துகிறதென்று நீங்களே அரத்தால் ராவாதீர்கள்.

முதலில் கஞ்சி, இட்லி. இரண்டு பக்கமும் மெல்லுங்கள். பேச்சு குழறினால் பத்திரிகையை உரக்கப் படியுங்கள். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், சுடுதண்ணீரில் கோணிவிடும். பிடுங்கிய அன்றே செட்டு வைத்தவர்கள் மட்டும், டாக்டர் சொல்லும்வரை கழற்றக்கூடாது.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைச் செட்டு உரசியது என்று விட்டுவிடாதீர்கள். புற்றுநோயாகவும் இருக்கலாம். சீக்கிரம் காட்டினால் பிழைக்கலாம்.