வித்தும் வளர்ப்பும்

கரும்பு பயிரிடும் குடியானவர் இரண்டு விஷயங்களைக் கவனிப்பது வழக்கம். கரணை எந்த ரகத்தைச் சேர்ந்தது என்பது ஒன்று. அக்கரணைக்கு நீரும் எருவும் காலத்தில் கிடைத்தனவா என்பது மற்றொன்று. கோயமுத்தூரில் 1912-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், பார்பர் துரையும் ஸ்ரீ டி. எஸ். வெங்கட்ராமனும் பருத்த இனிப்புக் கரும்பைக் காட்டுப் பேய்க்கரும்புடன் இணைத்துக் கோ. 205 என்னும் ரகத்தை உண்டாக்கினர். அது 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குச் சென்றது. ரகம் மிகச் சிறந்ததே. ஆயினும் முளைவிட்ட முதல் மாதங்களில் நீரின்றி வாடிய கரணை, ரகத்தின் பெயரைக் கொண்டு மட்டும் பருத்துவிடாது.

காங்கயம் மாட்டை வளர்ப்போரும் இதனை அறிவர். பேர்போன காளைக்குப் பிறந்த கன்றாயினும், பிறந்தவுடன் சீம்பால் கிடைக்காமற் போனால் அது நோஞ்சானாகவே நிற்கும். கொறங்காட்டில் எவ்வளவு கொழுக்கட்டைப் புல் பின்னர்க் கிடைத்தாலும் அந்தக் குறை முற்றும் நீங்குவது அரிது.

பயிரிலும் கன்றிலும் தெளிவாக விளங்கும் இவ்வுண்மை, மக்கட் செல்வத்தின் விஷயத்தில் மட்டும் மறக்கப்படுகிறது. ஒரு குழந்தைக்குக் குறை தோன்றினால், சில வீடுகளில் "இது பரம்பரை, செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கைவிடுகின்றனர். வேறு சில வீடுகளில், "தாய் சரியாக வளர்க்கவில்லை" என்று பழி முழுவதையும் பெற்றவள் மேல் சுமத்துகின்றனர். இரண்டும் பிழை என்பதைப் பிறவிச் செவிடு என்னும் ஓர் உதாரணத்தைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

1. பரம்பரைக் கூறு என்பது யாது?

உடலின் ஒவ்வோர் அமைப்பிற்கும் உரிய கட்டளைகள் உயிரணுக்களில் அடங்கியுள்ளன. இவற்றை விஞ்ஞானிகள் 'ஜீன்' என்பர். பெரும்பாலான ஜீன்கள் இரட்டையாக உள்ளன. ஒன்று தந்தையிடமிருந்தும் ஒன்று தாயிடமிருந்தும் வருவது. இரண்டில் ஒன்று பழுதாயினும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும் ஜீன்கள் பல. அத்தகைய பழுதைச் சுமப்பவர் நன்றாகவே காது கேட்பவராக இருப்பார். தம்மிடம் பழுதுண்டு என்பதையே அறியார். தந்தை தாய் இருவரும் ஒரே பழுதைச் சுமப்பவர்களாயின், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பழுதும் சேர்ந்து வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

உலகில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் ஒருவரோ இருவரோ கணிசமான செவிட்டுடன் பிறக்கின்றனர். இவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் காரணம் ஜீனிலுள்ள பழுதே. ஆதலின், தாய் தந்தையர் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கிறது என்பதனாலேயே குழந்தைக்கு வந்த குறை பரம்பரையானதன்று எனக் கூறிவிட இயலாது.

2. வேறு கூட்டம், ஒரே பாட்டனார்

கொங்கு நாட்டில் ஒரே கூட்டத்தினுள் மணம் செய்வதில்லை. எனவே கூட்டம் வேறாயின் இரத்தமும் வேறு எனப் பலர் கருதுகின்றனர். மாமன் மகளும் அத்தை மகனும் வெவ்வேறு கூட்டத்தினரே. ஆயினும் ஒருவருக்கு அப்பாராக இருப்பவரே மற்றவருக்குத் தாய்வழிப் பாட்டனார். ஒருவருக்கு அப்பத்தாவாக இருப்பவரே மற்றவருக்கு அம்மிச்சி. அம்முதியவர்களில் ஒருவரிடமிருந்த பழுது இருவருக்கும் இறங்கியிருக்கக்கூடும். மாமன் அத்தை மக்களிடையே எட்டில் ஒரு பங்கு ஜீன்கள் பொதுவானவை. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு.

தமிழ்நாட்டில் 2019–21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் உறவில் மணந்தவர்கள். இவ்வாறு மணந்தோருக்குப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் யாதொரு குறையுமின்றியே பிறக்கின்றனர் என்பதையும் இங்கே கூறவேண்டும். அச்சம் தேவையில்லை, கவனமே தேவை. வம்சத்தில் பிறவிச் செவிடர் எவரேனும் இருப்பின், மணம் பேசுமுன் டாக்டரிடம் யோசனை கேட்பது நலம்.

3. ஒரே பழுது, இரண்டு முடிவுகள்

பிறவிச் செவிட்டிற்குக் காரணமான ஜீன்களில் 'கனெக்ஸின் 26' என்னும் புரதத்தை உண்டாக்கும் ஜீன் முக்கியமானது. இதன் பழுது செவிட்டை விளைவிக்கும் என்பது 1997-இல் அறியப்பட்டது. உட்காது நத்தைக் கூட்டைப் போன்றது. அதிலுள்ள உயிரணுக்களுக்கிடையே பொட்டாசியம் முதலிய உப்புச் சத்துக்கள் செல்வதற்கான சிறு வாயில்களை அமைப்பது இப்புரதமே. வாயில் அமையாவிடில் ஒலி நரம்பிற்கு எட்டுவதில்லை.

இவ்விடத்தே கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. இப்பழுது உட்காதைத்தான் கெடுக்கிறது, அறிவைத் தொடுவதில்லை. மொழியைக் கற்கும் மூளையின் சக்தி அக்குழந்தைக்கு முழுமையாகவே இருக்கிறது. ஆகவே இதே பழுதுடன் பிறந்த இரு குழந்தைகளில், ஆறு மாதத்திற்குள் கண்டறியப்பட்டுக் கருவியும் மொழியும் பெற்ற குழந்தை மற்றப் பிள்ளைகளோடு பள்ளி சென்று படிக்கக்கூடும். ஐந்தாறு வயது வரை எவரும் கவனியாதிருந்த குழந்தையோ பேச்சை இழப்பதோடு, மொழியின்றி எண்ணுவதற்கும் கேள்வி கேட்பதற்கும் வழியற்று நிற்கும். வித்து ஒன்றே, விளைவு வேறு.

4. காலம் கடந்தால்

மூளையில் ஒலிக்கென அமைந்த பகுதி, ஒலி வந்து பழக்கினால்தான் திருந்தும். வராவிடில் அப்பகுதி பார்வை முதலிய வேறு வேலைகளுக்குப் போய்விடுகிறது. தண்ணீர் விடாத வாய்க்கால் தூர்ந்து போவதைப் போல. உட்காதுக் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்ததில், மூன்றரை வயதிற்குள் ஒலியைப் பெற்றவர்களின் மூளை பெரும்பாலும் இயல்பாக ஒலியை ஏற்றுக்கொள்வதும், ஏழு வயதிற்குப்பின் பெற்றவர்களிடம் அவ்வாறு ஏற்றுக்கொள்ளாததும் தெரியவந்தன. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் 1998-இல் வெளியான ஆராய்ச்சியில், ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், பின்னர் அறியப்பட்டவர்களைவிட மொழியில் நன்கு முன்னேறியிருந்தனர்.

இதனாலேயே டாக்டர்கள் ஒரு கணக்கைக் கூறுகின்றனர்: 1 மாதத்திற்குள் முதற் சோதனை, 3 மாதத்திற்குள் குறையின் நிச்சயம், 6 மாதத்திற்குள் உதவி.

5. பெற்றோர் ஏமாறும் இடங்கள்

(அ) செவிட்டுக் குழந்தையும் முதற் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பும், சிரிக்கும். பிறகுதான் மழலை தடைப்படும்.

(ஆ) வீட்டில் தட்டைக் கீழே போட்டுச் சோதிப்பர். குழந்தை திரும்புவது தரையின் அதிர்வினாலோ நிழலைக் கண்டோ இருக்கலாம். இது சோதனையாகாது.

(இ) "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று பெரியோர் ஆறுதல் கூறுவர். அன்பினால் கூறும் இச்சொல்லால் கழியும் மாதங்கள் மீண்டும் வாரா.

ஆறு மாதத்தில் குரல் வரும் பக்கம் குழந்தை திரும்பவில்லையாயினும், ஒரு வயதில் 'அம்மா' முதலிய ஒரு சொல்லும் வரவில்லையாயினும், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும். பிறந்த குழந்தைக்குக் காதில் சிறு கருவியை வைத்துச் செய்யும் சோதனை சில நிமிஷங்களில் முடியும். வலி சிறிதும் இல்லை.

6. பேச்சே உரம்

கருவி ஒலியைத் தரும்; பேச்சைத் தராது. பேச்சைத் தருபவர் வீட்டிலுள்ளோரே. சென்னையில் 1969-இல் ஏற்பட்ட பால வித்யாலயம் என்னும் பள்ளியில், காது கேளாத சிசுக்களுடன் தாய்மாரும் வகுப்பில் அமர்ந்து பயில்வது இக்காரணத்தினாலேயே. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் மாட்டிற்குத் தீனி வைக்கும்போதும், குழந்தையின் முகத்தை நோக்கிச் செய்வதையெல்லாம் சொல்லிக் கொண்டிருப்பதே முதற் பாடம். கருவி உதவாத குழந்தைக்குக் கைமொழி உண்டு. அது வெறும் சைகையன்று. இலக்கணம் அமைந்த முழு மொழி. கைமொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த செவிட்டுக் குழந்தைகள், மற்றக் குழந்தைகள் பேசும் பருவத்திலேயே கையால் பேசத் தொடங்குகின்றனர்.

நன்றாகக் காது கேட்கும் குழந்தைக்கும் இவ்விதி பொருந்தும். ஜமெய்க்கா தீவின் கிங்ஸ்டன் நகரில் 1986-இல், வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை தொடங்கிற்று. சிலருடைய வீடுகளுக்குச் சுகாதார ஊழியர் வாரம் ஒருமுறை சென்று, வீட்டில் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையுடன் பேசி விளையாடுவதற்குத் தாய்மாரைப் பழக்கினர். இரண்டு வருஷங்களே இது நடந்தது. இருபது வருஷங்கள் கழித்து, அப்பிள்ளைகளின் சம்பாத்தியம் இவ்வுதவி பெறாதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது.

7. சங்கம் செய்யக்கூடியவை

1. மகாசபைக் கூட்டத்திற்குக் கிராம சுகாதார நர்ஸை அழைத்து, குழந்தைகளின் காதுச் சோதனையைப்பற்றிப் பேசச் செய்தல்.

2. பிரசவமான ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும், குழந்தைக்குச் சோதனை நடந்ததா என்று முதல் மாதத்திலேயே விசாரித்தல்.

3. 2013 முதல் நடைபெறும் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தில் பிறவிச் செவிடும் அடங்கும் என்பதையும், தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு உட்காதுக் கருவி பொருத்த வகையுண்டு என்பதையும் அங்கத்தினர்க்கு அறிவித்தல்.

4. கருவி பொருத்தியபின் மாதக்கணக்கில் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். கூலி இழந்து பஸ் சத்தம் கொடுக்க இயலாமற் பல ஏழைத் தாய்மார் பாதியில் நின்றுவிட நேரும். பைலாவில் இடமிருப்பின், பொது நல நிதியிலிருந்து இச்செலவிற்கு உதவுதல் மிகவும் தகும்.

வித்தைத் தேர்ந்துகொண்டு பிறக்கும் குழந்தை எதுவுமில்லை. வேண்டுமென்று பழுதைக் கொடுத்த தாயும் தந்தையும் இல்லை. எனவே பழி கூறுவதற்கு இங்கே இடமில்லை. முதல் மாதங்களின் பராமரிப்போ பெரியவர்களின் கையில் உள்ளது, அதனைத் தவறவிடலாகாது.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய கேள்விகள்

1. காது நன்றாகக் கேட்கும் தாய் தந்தையருக்குச் செவிட்டுக் குழந்தை பிறப்பது எவ்வாறு?

2. தட்டை ஓசைப்படுத்திச் செய்யும் சோதனையை ஏன் நம்பலாகாது?

3. இக்கிராமத்தில் சென்ற ஒரு வருஷத்தில் பிறந்த குழந்தைகள் எத்தனை? அவர்களில் காதுச் சோதனை நடந்தது எத்தனை பேருக்கு?