காதடைப்பும் ஒரு தடயம்

செங்காங் பொது மருத்துவமனைக்கு ஒருவர் வருகிறார். ஒரு காது மட்டும் பல வாரங்களாக அடைத்திருக்கிறது, வலி இல்லை. மருத்துவரோ காதைப் பார்த்தபின், சிறிய குழாய்க் கேமராவை மூக்கினுள் செலுத்துகிறார். காதுக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு?

நடுக்காதிலிருந்து வரும் குழாய் ஒன்று மூக்கின் பின்புறத்தில் திறக்கிறது. அங்குக் கட்டி வளர்ந்தால் குழாய் அடைபட்டுக் காதில் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் காதடைப்புக்குச் சளியே காரணம். ஆயினும், நீங்காத அடைப்பு மூக்குத்தொண்டைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். சிலருக்குக் கழுத்து வீக்கமே முதலில் தெரியும். மூக்கில் தொல்லையே இராது.

உலகின் பல பகுதிகளில் அரிதான இந்நோய், தென்சீன வம்சாவளியினரிடையே மிகுதி. சிங்கப்பூரில் இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர் நோயியல் வல்லுநர் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம் (1921–2018). அவர் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் 1968 முதல் இந்நாட்டுப் புற்றுநோய்களைப் பதிவு செய்துவருகிறது. மூக்கு, தொண்டைக் கட்டிகளை வகைப்படுத்தும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நூலையும் அவர் உருவாக்கினார்.

கேமராவில் தெரிவது சந்தேகம் மட்டுமே. கட்டியிலிருந்து கிள்ளியெடுத்த சிறு திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே மருத்துவர் நோயின் பெயரைச் சொல்வார்.