டல்லாஸ் உரிமம் எடிசனில் செல்லுமா?

கேள்வி: நாங்கள் டல்லாஸில் இருக்கிறோம். என் கணவர் கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறார். கடையில் இரண்டு முறை கொள்ளை நடந்த பிறகு, முறையாக வகுப்புக்குப் போய் டெக்சாஸ் மாநிலத்தின் துப்பாக்கி உரிமம் வாங்கினார். சட்டைக்குள் இடுப்பில் வைத்துக்கொள்கிறார். இருவருக்கும் கிரீன் கார்டுதான், குடியுரிமை இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் நியூ ஜெர்சி எடிசனில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். காரிலேயே போகிறோம். “ராத்திரிப் பயணம், துப்பாக்கி கூடவே இருக்கட்டும்” என்கிறார். டிரைவிங் லைசென்ஸ் 50 மாநிலங்களிலும் செல்லும்போது இது மட்டும் ஏன் செல்லாது என்று கேட்கிறார். எல்லா மாநிலங்களும் மதித்தாக வேண்டும் என்று சட்டமே வரப்போகிறதாம். வர வேண்டியதுதானா? நாங்கள் போய் வரும்வரை என் கொழுந்தன் எங்கள் வீட்டில் இருப்பார்.

– ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: முதலில் பயணம். துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. அங்கே உரிமமில்லாமல் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. அதில் குறைந்தது மூன்றரை ஆண்டு பரோலே கிடையாது.

மிகைப்படுத்தவில்லை. 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய் நியூ ஜெர்சிக்குள் காரோட்டிப் போனபோது போலீஸ் நிறுத்தியது. கையில் பென்சில்வேனியா உரிமம் இருந்த தைரியத்தில், “என்னிடம் துப்பாக்கி இருக்கிறது” என்று அவரே சொன்னார். கைது, சிறை, வழக்கு. கடைசியில் 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கித்தான் விடிவு வந்தது. அவர் அமெரிக்கக் குடிமகள். உங்கள் கணவருக்கு இன்னொரு கண்டமும் உண்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. ஆளுநரின் மன்னிப்பை நம்பி யாரும் கிரகப்பிரவேசத்துக்குப் போவதில்லை.

வழியைப் பாருங்கள். ஆர்கன்சா, டென்னசி தாண்டி, இன்டர்ஸ்டேட் 81-ல் வர்ஜீனியாவைக் கடந்தால், மேற்கு வர்ஜீனியாவில் 26 மைல், பிறகு மேரிலாந்தில் வெறும் 12 மைல். மேற்கு வர்ஜீனியாவில் உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். மேரிலாந்தோ வெளி மாநில உரிமம் எதையும் ஏற்காது. அந்தப் பன்னிரண்டு மைலை இரண்டு மூன்று பாட்டு முடிவதற்குள் கடந்துவிடுவீர்கள். ஆனால் அவ்வளவு நேரமும் உங்கள் கணவர் குற்றவாளி. வர்ஜீனியாவும் நிலையானதல்ல. 2015 டிசம்பரில் 25 மாநிலங்களின் உரிமத்தை ஏற்கும் ஏற்பாட்டை ரத்து செய்வதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே அரசியல் பேரத்தில் அதை மாற்றிக்கொண்டார்கள்.

“டிக்கியில் பூட்டி எடுத்துப் போகலாமே?” என்று அவர் கேட்பார். 1986-ம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று உண்டு. தோட்டா நிரப்பாமல், கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வைத்தால் கெடுபிடி மாநிலத்தைக் கடந்து போகலாம். டேஷ்போர்டு அறை கணக்கில் வராது. ஆனால், போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கியை உடன் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. எடிசனில் உங்களுக்கு அது இல்லை. கடந்து போகிறவருக்கும் உத்தரவாதமில்லை. 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருவர் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் இரவு தங்கி, மறுநாள் விமான நிலையத்தில் தாமாகவே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைதானார். பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிட்டதால் அந்தச் சட்டம் அவரைக் காக்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இனி, சட்டம் வர வேண்டுமா என்பது. 2017 டிசம்பரில் அப்படி ஒரு மசோதா பிரதிநிதிகள் சபையில் 231-198 என்று நிறைவேறி, செனட்டில் படுத்துவிட்டது. அதற்கு முன் 2013-ல் செனட்டிலேயே 57 ஓட்டு கிடைத்தது. வேண்டியிருந்தது 60. 2025-ல் மறுபடி வந்து, சபையின் நீதிக் குழுவைத் தாண்டியது. மாநில உரிமையை மூச்சுக்கு மூச்சு பேசுகிறவர்களே இதில் வாஷிங்டனைக் கூப்பிடுவது தனி வேடிக்கை.

உங்கள் கணவரின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. வெளியே துப்பாக்கி ஏந்துவது அரசியல் சாசன உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் நியூயார்க் வழக்கில் தீர்ப்பளித்தது. ஓர் உரிமை மாநில எல்லைப் பலகையைக் கண்டதும் சிறைத்தண்டனையாக மாறுவது முறையல்ல. நம் ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் என்பது அரசு காட்டும் தயவு. தேர்தல் வந்தால் தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கியைக்கூட ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இங்குள்ளவர்களின் கோபம் சட்டென்று பிடிபடாது.

ஆனால் டிரைவிங் லைசென்ஸ் உவமை ஒட்டவில்லை. அதை எல்லா மாநிலங்களும் ஏற்பதற்குக் காரணம், எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே தேர்வு என்பதுதான். மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தியதால் அல்ல. துப்பாக்கி அப்படி இல்லை. நியூயார்க்கில் உரிமம் கேட்டால் 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுட்டுப் பழகுவது. 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. டெக்சாஸும் 2021 செப்டம்பர் முதல் அந்தக் கணக்கில்தான். வகுப்புக்குப் போன உங்கள் கணவருக்கும், போகாத பக்கத்துக் கடைக்காரருக்கும் அங்கே வித்தியாசமில்லை. 2017 மசோதா அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கும் புகைப்பட அடையாள அட்டை ஒன்றின் பேரில் நியூயார்க்கில் துப்பாக்கியோடு நடமாட வழி வைத்தது. ஆக, மிகத் தளர்ந்த மாநிலத்தின் விதிதான் நாட்டுக்கே விதி. இதற்கு நான் கை தூக்க மாட்டேன்.

வேறு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2004 முதல், பணியில் இருக்கும் போலீசாரும் ஓய்வுபெற்றவர்களும் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனால் ஓய்வுபெற்றவர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். அதேபோல் பொதுமக்களுக்கும் ஒரே பயிற்சி, ஒரே பின்னணிச் சோதனை என்று வையுங்கள். தேறியவரை எல்லா மாநிலங்களும் ஏற்கட்டும். உண்மையாகவே தவறிப்போய் எல்லை தாண்டியவருக்குச் சிறை வேண்டாம், அபராதம் போதும். இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும்.

ஒன்று மறந்துவிட்டேன். பெட்டகச் சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் எச்-1பி விசாவில் இருப்பவர் என்றால், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி அவர் வசம் இருப்பதே மத்தியக் குற்றம்.